திரும்பவும் எக்ஸ்பெடைட் ஓடலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, வணக்கம். எனக்கு வயது 51. ஏஜாக்ஸில் இருக்கிறோம். 2013 இலிருந்து 2021 கடைசி வரை சொந்த ஸ்ட்ரெயிட் ட்ரக்கில் (ட்ரெயிலர் இல்லாமல் பெட்டி சேர்ந்தே இருப்பது) அமெரிக்காவுக்கு எக்ஸ்பெடைட் ஓடினேன். பிள்ளைகள் வளருகிற நேரம் தகப்பன் வீட்டில் இல்லை என்று மனைவி கவலைப்பட்டதால் ட்ரக்கை நல்ல விலைக்கு விற்றுவிட்டு இறங்கினேன். இப்போது ஸ்காபரோவில் ஒரு உணவுப்பொருள் விநியோகக் கம்பனியில் மணித்தியாலச் சம்பளத்துக்கு ட்ரக் ஓடுகிறேன். விடிய ஐந்து மணிக்குப் போனால் பின்னேரம் நான்குக்கு வீட்டில் நிற்பேன். பல் காப்புறுதியும் சின்ன ஓய்வூதியமும் உண்டு.

2021 இல் எடுத்த வீட்டுக் கடன் இப்போது புதுப்பிக்க வருகிறது. மாதம் 900 டொலர் கூடும் என்கிறார்கள். மகள் வாட்டர்லூவில் படிக்கிறாள், மகன் பதினோராம் வகுப்பு. லோட் பிரித்துக் கொடுக்கிற பழைய டிஸ்பாச்சர் அடிக்கடி கூப்பிடுகிறார். மைலுக்கு 1.60 அமெரிக்க டொலர், டீசலும் அதற்குள். தெரிந்த ஒருவர் ஸ்லீப்பர் (படுக்கை) வைத்த 2018 ட்ரக் ஒன்றை 62,000 கனடா டொலருக்குத் தருகிறேன் என்கிறார். 480,000 மைல் ஓடியிருக்கிறது. வீட்டின் மேல் கடன் எடுத்து வாங்கலாம். உண்மையைச் சொன்னால், அக்கா, காசு மட்டும் காரணமில்லை. அந்த ஓட்டம் எனக்குப் பிடிக்கும். உங்களிடம் கேட்டுவிட்டு முடிவு எடுங்கள் என்று மனைவி சொல்லிவிட்டாள். போகலாமா?

பதில்: தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ட்ரக்கில், இந்த ரேட்டுக்கு, தனி ஆளாக, வீட்டை அடகு வைத்துப் போகவேண்டாம். எந்த நாளும் போகக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. எப்படி என்றால் போகலாம் என்பதையும் சொல்லுகிறேன், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எக்ஸ்பெடைட் என்பது அவசரச் சரக்கு. ஒரு தொழிற்சாலையில் ஒரு உதிரிப்பாகம் முடிந்து, அது இல்லாமல் முழு உற்பத்தி லைனும் நிற்கப்போகிறது என்றால், அந்த ஒரு பலட்டை (மரத்தட்டில் அடுக்கின சாமானை) ஒரே ட்ரக்கில் ஏற்றி, நடுவில் எந்தக் கிடங்கிலும் இறக்காமல், நேரே கொண்டுபோய்க் கொடுப்பது. சில நேரம் 22 அடிப் பெட்டிக்குள் ஒரு மேசை அளவு சாமான்தான் இருக்கும். அதைச் சுற்றி பாரும் பெல்ட்டும் இறுக்கிக் கட்டிவிட்டு 800 மைல் ஓடவேண்டும்.

நானும் என்னுடைய அவரும் டீமாக, ஒருவர் மாறி ஒருவர் ஸ்டியரிங் பிடித்து, இந்த ஓட்டம் ஓடியவர்கள்தான். அவருடைய முதுகு ஒத்துழைக்காமல் போன பிறகு இறங்கினோம். இப்போது சொந்த ட்ரக் ஓடுகிற ஓனர் ஆப்பரேட்டர்களின் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஆகவே உங்கள் கடிதத்தின் கடைசி வரி எனக்கு நன்றாகவே விளங்குகிறது. வெறிச்சோடிய ஐ-75 நெடுஞ்சாலையில் விடியப்புறம் ஓடிப்போய், லைன் நிற்க அரை மணித்தியாலம் இருக்கும்போது தொழிற்சாலைக் கதவுக்கு ட்ரக்கைப் பின்னுக்கு விடுவதில் ஒரு பெருமை இருக்கிறது. போர்க்லிப்ட் ஓடுகிறவன் ட்ரக் நிற்கமுதலே கதவடியில் காத்துக்கொண்டு நிற்பான். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். அதற்கும் ஒரு விலை வைத்துக் கணக்குப் பார்ப்போம்.

முதலில் அந்த 1.60. மிசிசாகாவில் ஏற்றி டெனசியில் ஸ்மேர்னாவில் உள்ள நிசான் தொழிற்சாலைக்கு ஒரு லோட் என்று வையுங்கள். ஏறக்குறைய 780 மைல். 1.60 படி 1,248 அமெரிக்க டொலர். கேட்க நல்லாக இருக்கிறது. ஆனால் நீங்கள் கனடா ட்ரைவர். அமெரிக்காவுக்குள் ஓரிடத்தில் ஏற்றி அமெரிக்காவுக்குள்ளேயே இன்னோரிடத்தில் இறக்க உங்களுக்கு அனுமதி இல்லை. கனடாவுக்கு வருகிற சரக்கு கிடைத்தால் ஏற்றலாம், இல்லாவிட்டால் வெறும் ட்ரக்காகத் திரும்பவேண்டும். வெறுமையாகத் திரும்பினால் மொத்தம் 1,560 மைல், காசு அதே 1,248. மைலுக்கு 80 சதம் ஆகிவிட்டது.

டீசலைப் பாருங்கள். இந்த மாதிரி ட்ரக் ஒரு அமெரிக்கக் கலனுக்கு ஒன்பது மைல் கொடுத்தால் நல்லது. ஒரு கலன் 3.60 என்று வைத்துக்கொண்டால் மைலுக்கு 40 சதம். அந்த 1,248 இல் 624 டீசலுக்குப் போய்விட்டது. ரயர், ஒயில், பிரேக், நடுவழியில் வருகிற திருத்த வேலை எல்லாவற்றுக்கும் மைலுக்கு 15 சதம் ஒதுக்கச் சொல்லி என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்லுவேன். அது 234. மிச்சம் 390 அமெரிக்க டொலர். இதிலிருந்துதான் ட்ரக் கடன், காப்புறுதி, பிளேட், டாப்லெட் வாடகை, வழிச் சாப்பாடு. இவ்வளவுக்கும் எத்தனை நாள்? அமெரிக்க விதிப்படி பத்து மணித்தியால ஓய்வுக்குப் பிறகு பதினொரு மணித்தியாலம்தான் ஸ்டியரிங் பிடிக்கலாம். 780 மைலுக்கு அது போதாது. போக ஒரு இரவு, வர ஒரு இரவு. மூன்று நாள் போய்விடும். நீங்கள் இப்போது ஸ்காபரோவில் மூன்று நாள் வேலை செய்தால் கையில் என்ன வருகிறது என்று எழுதி இதற்குப் பக்கத்தில் வையுங்கள்.

திரும்பும்போது லோட் கிடைத்தால் கதையே வேறு என்று சொல்லுவீர்கள். சரி, வேறுதான். கென்டக்கியிலிருந்தோ ஒஹாயோவிலிருந்தோ கேம்பிரிட்ஜ் டொயோட்டாவுக்கு ஒன்று அகப்பட்டால் அந்த வாரம் நல்ல வாரம். டெக்சாஸ் எல்லையில் உள்ள லரேடோவில் மெக்சிக்கோச் சாமானை ஏற்றி ஒன்ராறியோவுக்கு நேரே கொண்டுவருகிற லோட் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அதற்குக் காத்திருக்கவேண்டும். எக்ஸ்பெடைட்டில் ஓட்டத்தைவிடக் காத்திருப்புத்தான் கூட. அந்தக் காத்திருப்புக்கு ஒருவரும் சம்பளம் தருவதில்லை.

இது உங்களுக்குத் தெரியாததல்ல, தம்பி. ஆனால் ஐந்து வருடத்தில் மனம் நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். ரொலீடோவுக்குத் தெற்கே பெரிஸ்பேர்க் பக்கத்து ட்ரக் ஸ்ரொப்புகளில் வெள்ளி பின்னேரம் நின்றது ஞாபகம் இருக்கும்தானே. நாலு மணிக்குள் ஒன்றும் வராவிட்டால் தொழிற்சாலைகள் மூடிவிடும், பிறகு ஞாயிறு இரவு வரைக்கும் அங்கேயேதான். பக்கத்தில் அதே கம்பனியின் வெள்ளை ட்ரக்குகள் வரிசையாக நிற்கும். திரையில் டிங் என்று ஒன்று விழும். மைலுக்கு ஒரு டொலருக்கும் குறைவு. பத்து நிமிடத்தில் பதில் சொல்லவேண்டும். நாங்கள் பெரும்பாலும் வேண்டாம் என்று அழுத்திவிடுவோம். அடுத்த நிமிடம் வரிசையில் ஒரு ட்ரக் எஞ்சினைப் போடும். யார் என்று திரும்பிப் பார்க்கத் தேவையில்லை. திங்கட்கிழமை ட்ரக் கடன் வெட்டப்படுகிறவர் யார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவர் கெட்டிக்காரர் இல்லை என்று அர்த்தமல்ல. எங்களைவிட நல்ல ட்ரைவராகவும் இருந்தார். கையில் காசு இல்லாதபடியால் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வழி இருக்கவில்லை. அந்த மலிவு லோட் அவரை இன்னும் தூரத்தில், லோடே இல்லாத ஒரு ஊரில் கொண்டுபோய் இறக்கும்.

நான் இத்தனை பேரின் கணக்குப் புத்தகம் பார்த்துக் கண்டது இதுதான்: இந்தத் தொழிலில் நின்றுபிடித்தவர்கள் எல்லாரும் ஒரு லோடை வேண்டாம் என்று சொல்லக் கைகாவலாகக் காசு வைத்திருந்தவர்கள். நீங்களோ 900 டொலர் போதாமல்தான் போக நினைக்கிறீர்கள். மாதாமாதம் காசு தேவைப்படுகிற ஆள், தேவையைக் காட்டிக்கொள்ளக்கூடாத ஒரு தொழிலுக்குள் வீட்டை ஈடு வைத்து நுழைவதுதான் எனக்குப் பயத்தைத் தருகிறது.

இன்னொன்று. நீங்கள் இறங்கினது 2021 கடைசியில். அந்த வருடம் எப்படிப்பட்ட வருடம் என்று யோசியுங்கள். சிப் தட்டுப்பாட்டில் கார்த் தொழிற்சாலைகள் ஒருநாள் ஓடும், ஒருநாள் நிற்கும். எந்தப் பாகம் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது, எல்லாமே அவசரம். ரேட் வானத்தில் நின்றது. பழைய ட்ரக்குக்கும் நல்ல விலை வந்தது, அதனால்தான் உங்களுடையதும் அப்படி விலைப்பட்டது. 2022 இலிருந்து அது இறங்கத் தொடங்கியது. அந்த நல்ல காலத்தைப் பார்த்து வான் வாங்கினவர்கள், ட்ரக் வாங்கினவர்கள் எல்லாரும் அதே லோடுக்காக வரிசையில் வந்து நின்றார்கள். உங்கள் மனதில் உள்ள கடைசி வருமானம் அந்த விசேட வருடத்தினுடையது. முடிவெடுக்கும்போது 2015, 2016 இல் உங்கள் வருமானவரிப் பத்திரத்தில் என்ன இருந்தது என்று எடுத்துப் பாருங்கள். அதுதான் ஓரளவு உண்மையான எண்.

ஒன்ராறியோவின் நிலைமையும் மாறிவிட்டது. 2025 ஏப்ரல் 3 இலிருந்து அமெரிக்கா வெளிநாட்டுக் கார்களுக்கு 25 சதவீத வரி போட்டது. அதே வருடம் ஒக்டோபரில், பிராம்ப்டனில் செய்வதாக இருந்த ஜீப் கொம்பஸை இலினோய்க்கு மாற்றுவதாக ஸ்ரெலான்ரிஸ் அறிவித்தது. ஓக்வில் ஃபோர்ட் தொழிற்சாலை 2024 இல் மாற்றியமைப்புக்காக நின்றது. இந்த ஒவ்வொரு தொழிற்சாலைக்குப் பின்னாலும் நீங்களும் நாங்களும் ஏற்றி இறக்கின சின்னச் சின்னப் பட்டறைகள் எத்தனையோ இருக்கின்றன. கேம்பிரிட்ஜில் டொயோட்டாவும் அலிஸ்டனில் ஹொண்டாவும் இருக்கத்தான் செய்கின்றன, சரக்கு இல்லாமல் போகவில்லை. ஆனால் டிஸ்பாச்சர் "உன்னைப் போல ஆள் இல்லை" என்று சொல்லும்போது ஒன்றைக் கேளுங்கள்: உங்கள் லோடில் கார்ப் பாகம் எவ்வளவு, மற்றது எவ்வளவு? விமானப் பாகம், மருந்து, கண்காட்சிச் சாமான் என்று கலந்து ஓடுகிற கம்பனி என்றால் நான் இன்னும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்பேன். மருந்துக்குக் குளிரூட்டி வைத்த பெட்டி வேண்டும், நீங்கள் சொல்லுகிற ட்ரக்கில் அது இருப்பதாகத் தெரியவில்லை.

டிஸ்பாச்சர் பொய் சொல்லுகிறார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு உங்களைப் பிடிக்கும், உங்கள் வேலை தெரியும். ஆனால் ரொறன்ரோவைச் சுற்றி நிற்கிற ட்ரக் ஒன்று கூடினால் அவருக்குச் செலவு ஒன்றுமில்லை, வசதிதான். ஆகவே அவருடைய வாயை விட்டுவிட்டுக் கடதாசியைக் கேளுங்கள். அதே மாதிரி ட்ரக்கில் தனியாக ஓடுகிற ஒருவரின் கடைசி மூன்று மாதச் சம்பளக் கணக்கு, பெயரை மறைத்துத் தந்தால் போதும். அதில் ஏற்றி ஓடின மைல், வெறுமையாக ஓடின மைல், வெட்டின காசு மூன்றையும் பாருங்கள். காப்புறுதிக்கு எவ்வளவு பிடிக்கிறார்கள், வைப்புப் பணம் எவ்வளவு, நீங்கள் விலகினால் அது எத்தனை நாளில் திரும்பி வரும், தொழிற்சாலை வாசலில் மறித்து வைத்தால் மணித்தியாலத்துக்கு என்ன தருவார்கள், லோடை மறுத்தால் வரிசையில் பின்னுக்குத் தள்ளுவார்களா என்பதையும் கேளுங்கள். டீசல் ஏறினால் அந்த 1.60 ஏறுமா என்பது முக்கியமான கேள்வி. "அதற்குள் எல்லாம் அடக்கம்" என்றால் டீசல் ஏறுகிற ஒவ்வொரு சதமும் உங்கள் பையிலிருந்துதான் போகும்.

ட்ரக்கைப் பற்றி. 480,000 மைலைப் பார்த்து நான் பயப்படவில்லை. எஞ்சின் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று கேட்டீர்களா? எக்ஸ்பெடைட் ட்ரக் வெயிலிலும் குளிரிலும் நின்ற இடத்தில் எஞ்சின் போட்டபடி நிற்கும். மைல் ஏறாது, எஞ்சின் தேயும். டாஷ்போர்ட்டிலேயே அந்த மணித்தியாலம் வரும். மைலை அதால் பிரியுங்கள். 19,000 மணித்தியாலம் என்று காட்டினால் 25 தான் வருகிறது. முக்கால்வாசி நேரம் நெடுஞ்சாலையில் ஓடின ட்ரக் என்றால் 40 க்கு மேல் நிற்கவேண்டும். 25 என்றால் அந்த எஞ்சின் ஓடினதைவிட நின்று வேலை செய்தது கூட, அதன் புகைவடிகட்டி கரியும் சாம்பலும் நிறைந்து நிற்கும் என்று நினைத்துக்கொண்டு பேசுங்கள். நிறுத்திவைத்துக் கரியை எரித்த பதிவு எத்தனை தரம் இருக்கிறது என்று சொந்த மெக்கானிக்கிடம் கொம்பியூட்டரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பகுதி பழுதாகி வெர்ஜீனியா மலையில் எஞ்சின் தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டால், கட்டி இழுக்கிற செலவும் கராஜ் செலவும் சேர்ந்து ஒரு மாத உழைப்பை விழுங்கும். விற்கிறவர் தெரிந்தவர் என்பதற்காக இதைக் கேட்காமல் விடவேண்டாம். கேட்டால் கோபிக்கிறார் என்றால் அதுவே ஒரு பதில்.

வயதைச் சொல்லாமல் விடக்கூடாது. 46 தாண்டின படியால் உங்கள் லைசென்சுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மருத்துவ அறிக்கை கொடுத்துக்கொண்டிருப்பீர்கள், அது பெரிய காரியமில்லை. நித்திரைதான் காரியம். எக்ஸ்பெடைட்டில் லொக்புக் (ஓட்ட நேரமும் ஓய்வு நேரமும் பதிகிற பதிவு) சொல்லுவது ஒன்று, உடம்பு சொல்லுவது இன்னொன்று. காலை ஏழுக்கு எழும்பி, பகல் முழுக்க லோடுக்காகக் காத்திருந்து, இரவு ஒன்பதுக்கு ஒன்று விழுகிறது. லொக்புக்கில் நீங்கள் பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஓய்வு எடுத்த ஆள், பதினொரு மணித்தியாலமும் மிச்சம். உடம்புக்கோ ஏற்கனவே பதினான்கு மணித்தியாலம் முழிப்பு. நாற்பத்து மூன்று வயதில் நீங்கள் அதைச் சமாளித்திருப்பீர்கள். டீமாக ஓடும்போது ஒருவர் பின்னால் படுப்பார், அதனால் எங்களுக்கு அது ஓரளவு முடிந்தது. தனி ஆளாக ஐம்பத்தொன்றில், அதுவும் இவ்வளவு காலம் விடிய எழும்பி இரவில் படுத்துப் பழகின பிறகு, அந்த ஒன்பது மணி லோடை வேண்டாம் என்று சொல்லத் தெரியவேண்டும். திரும்பவும் அதே இடத்துக்குத்தான் வருகிறோம்: மறுக்கக் காசு வேண்டும்.

இனி, இப்போது கையில் உள்ளதை எண்ணுவோம். பல் காப்புறுதி, ஓய்வூதியம், சம்பளத்தோடு வருகிற விடுமுறைக் காசு. சுயதொழிலுக்குப் போனால் கனடா ஓய்வூதியத் திட்டத்துக்கு முதலாளி கட்டுகிற பங்கையும் நீங்களே கட்டவேண்டும். 5.95 சதவீதம் 11.9 ஆகிவிடும். அமெரிக்காவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தால் ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் தருவது மிகச் சொற்பம், அதற்குத் தனிக் காப்புறுதி. கணக்குப் போடும்போது இவையெல்லாம் அந்தப் பக்கத்தில் வரவேண்டும்.

அப்படியென்றால் 900 டொலருக்கு என்ன செய்வது? முதலில் கடன் தந்தவரிடம் போய், திருப்பிக் கட்டும் காலத்தை நீட்டினால் மாதக்கட்டு எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். வட்டி மொத்தத்தில் கூடும், உண்மைதான். ஆனால் வீட்டை ட்ரக்குக்கு ஈடு வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். இரண்டாவது, உங்களிடம் டிஇசட் லைசென்ஸ் (காற்று பிரேக் உள்ள பெரிய ஸ்ட்ரெயிட் ட்ரக் ஓடுவதற்கானது) இருக்கிறது, எல்லை தாண்டின அனுபவம் இருக்கிறது. வார இறுதிக்கு மட்டும் ட்ரைவர் தேடுகிற ட்ரக் முதலாளிகள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள். வெள்ளி இரவு வின்ட்சருக்கோ மொன்றியலுக்கோ ஒரு ஓட்டம். கிழமை வேலையையும் சேர்த்து உங்கள் மணித்தியாலக் கணக்கு எல்லைக்குள் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள், லொக்புக் இரண்டு வேலையையும் ஒன்றாகத்தான் எண்ணும்.

ஆசை இன்னும் விடவில்லை என்றால், ட்ரக்கை வாங்காமல் ஆசையைச் சோதித்துப் பாருங்கள். இந்தத் தொழிலில் இரண்டு மூன்று ட்ரக் வைத்திருக்கிறவர்கள் ட்ரைவருக்கு நாற்பது சதவீதம், ட்ரக்குக்கு அறுபது என்று பிரித்துக்கொள்வது வழக்கம். டீசலை யார் போடுவது என்பதை மட்டும் எழுத்தில் வாங்குங்கள். இருக்கிற வேலையில் சம்பளமில்லாத விடுமுறை கேளுங்கள், தருவார்களானால் ஜனவரி, பெப்ரவரியில் எடுங்கள். அதுதான் லோட் மந்தமான காலம், 401 நெடுஞ்சாலையில் பனி வேறு. அந்த இரண்டு மாதமும் வேறொருவரின் ட்ரக்கில் ஓடி, அப்போதும் பிடித்திருந்தால் அந்தப் பிடிப்பு உண்மையானது. கோடையில் ஓடிப் பார்த்து முடிவெடுக்கவேண்டாம்.

நான் போகச் சொல்லக்கூடிய நிலை எது என்றால்: மூன்று மாத வீட்டுச் செலவு வங்கியில் தனியாக, ட்ரக்குக்கென்று இன்னுமொரு 20,000 டொலர் தனியாக, வீடு இதில் சம்பந்தப்படாமல். மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து எங்கே போகிறான் என்று தெரிந்த பிறகு. அதற்கு இரண்டு வருடம் கூட இல்லை. அந்த நேரம் மனைவிக்கு விருப்பம் இருந்தால் அவவும் டி லைசென்ஸ் எடுக்கட்டும். நான் சும்மா சொல்லவில்லை. டீமுக்கு விழுகிற லோட் வேறு. ஸ்மேர்னாவுக்கு நடுவில் நிற்காமல் ஓடலாம், நேரம் இறுக்கமான, நல்ல ரேட் லோடுகள் தனி ஆளுக்கு வருவதே இல்லை. கணவன் மனைவியாக ஓடுகிற எத்தனையோ பேர் இதில் இருக்கிறார்கள். ஒரு பெட்டிக்குள் இரண்டு பேர் கிழமைக்கணக்கில் இருப்பது எல்லாருக்கும் சரிவராது, எங்களுக்கு வந்தது. ஆனால் அவவுக்கு விருப்பமா என்று கேளுங்கள், உங்களுக்காக ஓம் என்று சொல்லுகிறாவா என்று பாருங்கள்.

டிஸ்பாச்சருக்கு "இப்ப இல்லை, ஆனால் என்னை மறக்காதீங்கோ" என்று சொல்லி வையுங்கள். நல்ல ட்ரைவரை அவர்கள் மறப்பதில்லை.

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. எக்ஸ்பெடைட்டுக்குக் காகோ வான் வாங்கப் போகிறேன் என்கிறான். சாதாரண ஜி லைசென்ஸ் போதும், லொக்புக்கும் தேவையில்லை என்கிறான். உண்மையா? – ஒரு தாய், மார்க்கம்

பதில்: உண்மைதான். 4,500 கிலோவுக்கு உட்பட்ட வானுக்கு ஒன்ராறியோவில் ஜி லைசென்ஸ் போதும். அமெரிக்காவிலும் 10,001 இறாத்தலுக்குக் கீழே, ஆபத்தான சரக்கு ஏற்றாதவரை, மணித்தியால விதி பொருந்தாது. அதனால்தான் வான்கள் அவ்வளவு கூட, ரேட் அவ்வளவு குறைவு. இரண்டு மூன்று பலட்டுக்கு மேல் ஏறாது.

எனக்குக் கவலை அந்த லொக்புக் இல்லாததுதான். ட்ரக் ட்ரைவரிடம் டிஸ்பாச்சர் "இன்னும் ஓடு" என்று சொல்ல முடியாது, ஓட்ட நேரத்தைப் பதிகிற மெஷின் காட்டிக் கொடுத்துவிடும். வான் ஓடுகிற பெடியனிடம் சொல்லலாம், அவனும் ஓம் என்று சொல்லுவான். நிறுத்தச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. பதினான்கு மணித்தியாலத்துக்குப் பிறகு எங்கே நின்றாலும் படுக்கவேண்டும் என்று வாங்கமுதல் அவனிடம் வாக்கு வாங்குங்கள். சொந்தப் பாவனைக்கு எடுத்த கார்க் காப்புறுதி, காசுக்குச் சாமான் ஏற்றினால் செல்லாது. வர்த்தகக் காப்புறுதிக்கு 24 வயதில் என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் வானின் விலையைப் பேசவேண்டும். பல பேருக்கு அந்த எண்ணைக் கேட்டதும் ஆசை அடங்கிவிடுகிறது.

கேள்வி: எனக்கு நிரந்தர வதிவிடம் மட்டும் உண்டு, இலங்கைக் கடவுச்சீட்டு. ஃபாஸ்ட் அட்டை எடுத்தால் அமெரிக்கா ஓடலாம் என்று ஒருவர் சொன்னார். – ஸ்காபரோ

பதில்: ஃபாஸ்ட் அட்டை என்பது ட்ரக் ட்ரைவர்கள் எல்லையை விரைவாகக் கடக்க எடுக்கிறது, அதற்கு நிரந்தர வதிவாளரும் விண்ணப்பிக்கலாம். ஐந்து வருடத்துக்கு 50 அமெரிக்க டொலர். ஆனால் அது வீசா இல்லை. கனடாக் குடியுரிமை உள்ளவருக்கு வீசா வேண்டாம், இலங்கைக் கடவுச்சீட்டில் போகிற உங்களுக்கு பி-1 என்கிற வர்த்தகப் பயண வீசா கட்டாயம் வேண்டும். நேர்முகத் தேதிக்கு நீண்ட காலம் காத்திருக்க நேரிடலாம், ஆகவே அதை முதலில் பதிவு செய்யுங்கள். வீசா கையில் வரும்வரை ஒன்ராறியோ–கியூபெக் ஓட்டம் உள்ள கம்பனியில் சேர்ந்து அனுபவத்தை ஏற்றிக்கொள்ளுங்கள். குடியுரிமைக்குத் தகுதி வந்துவிட்டதென்றால் அந்த விண்ணப்பத்தையும் இந்தக் கிழமையே போடுங்கள்.